சிறுமியர் படையைத் திரட்டிய அம்மையார்

பெண் மக்களுக்குத் தன்னம்பிக்கை வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயினும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை ஓர் இரவேனும் தோழியருடன் கூடாரத்தில் தங்கிவர அனுப்புவதென்றால், நம்மில் எத்தனை தந்தையர் மனமொப்புவர்? இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்னரே அமெரிக்கத் தந்தையர் முன் நிறுத்தியவர் ஜூலியட் கார்டன் லோ அம்மையார். அவர் நிறுத்தியது வாதத்தாலன்று, செயலால்.

அம்மையார் 1860-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்து ஸவன்னா நகரில் பிறந்தார். மறு வருஷமே உள்நாட்டுப் போர் மூண்டது. தந்தையார் அடிமை முறையைக் காக்க எழுந்த தென்பக்கத்துப் படையில் சேவித்தவர், பருத்தி வியாபாரி. செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு அந்நாளில் அளித்த கல்வி சித்திரம், பிரெஞ்சு மொழி, நடனம் ஆகியவை. நல்ல வரன் வந்ததும் அக்கல்வி முற்றுப்பெற்றதாகக் கருதப்படும். 

அவ்வாறே 1886-ஆம் வருஷம் வில்லியம் லோ என்னும் பெருஞ்செல்வரை மணந்தார். அதற்கு முன்பே ஒரு செவி, தவறான சிகிச்சையால் பழுதுபட்டிருந்தது. மணநாளில் மங்கலமாகத் தூவிய அரிசியில் ஒரு மணி மற்றைச் செவியினுள் புகுந்தது. அதை எடுக்கப் போய் அச்செவியும் கெட்டது. இல்வாழ்க்கையும் இனிக்கவில்லை. கணவர் வேறொரு மாதை நாடினார். மணமுறிவு வழக்கு முடிவதற்குள், 1905-ஆம் வருஷத்தில், அவர் இறந்தார். உயிலைப் பிரித்தபோது சொத்தின் பெரும்பகுதி அம்மாதுக்கே எழுதப்பட்டிருந்தது. எழுதியவன் விருப்பமே உயிலுக்கு உயிர் என்பதைச் சட்டமறிந்தோர் அறிவர். அவ்விருப்பம் ஒரு மனைவியை எவ்வளவு எளிதில் வெறுங்கையளாக்கும் என்பதையும் அறிவர். அம்மையார் வாளா இருக்கவில்லை. உயிலை எதிர்த்து நின்று, ஓர் உடன்பாட்டின் வாயிலாகத் தமக்குரிய பங்கைப் பெற்றார். ஆனால், மக்கட்பேறில்லை, செவியில்லை, செய்வதற்கொரு தொழிலுமில்லை.

1911-ஆம் வருஷம் இங்கிலாந்தில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவலைச் சந்தித்தார். அவ்வருஷமே ஸ்காட்லாந்தில் கிளென் லயன் பள்ளத்தாக்கில் ஏழு ஏழைச் சிறுமியரைக் கூட்டினார். வயிற்றுப் பிழைப்புக்காக நகரத்து ஆலைகளுக்கு ஓடாமல் வீட்டிலிருந்தே பொருளீட்டும் பொருட்டு, அவர்களுக்குக் கம்பளி நூல் நூற்கவும் கோழி வளர்க்கவும் கற்பித்தார். தம் வாழ்வுக்குப் பொருள் எங்குளது என்பதை அவர் அறிந்த இடம் அதுவே.

தாயகம் திரும்பி, 1912-ஆம் வருஷம் மார்ச்சு 12-ஆம் தேதி ஸவன்னாவில் பதினெட்டுச் சிறுமியரைப் பதிவு செய்தார். வீட்டின் பின்புறத்து வண்டிக் கொட்டகையே கூடுமிடம். அருகிலிருந்த மனையில் அவர்கள் கூடைப்பந்து ஆடியபோது, வீதியிற் செல்வோர் பார்வை படாமல் சுற்றிலும் திரை கட்டவேண்டியிருந்தது. அத்தகைய ஊரில்தான் அவர் சிறுமியரை நகருக்கு வெளியே கொண்டுசென்று கூடாரமடித்துத் தங்கச் செய்தார். இரவில் தீ வளர்த்து அவர்களைச் சுற்றி அமர்த்திப் பேய்க் கதைகள் சொல்வதில் அம்மையாருக்குத் தனி விருப்பம்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. வீட்டில் சிறுமிக்கு விறகும் நீரும் பிறர் கொணர்வர்; விளக்கைப் பிறர் ஏற்றுவர்; அவள் அஞ்சினால் அன்னை அணைப்பாள். பாசறையில் அடுப்பு மூட்டாவிடில் உணவில்லை. முளைக்குச்சி தளர்ந்தால் கூடாரம் சரியும். சிறு அணியின் தலைவியும் சிறுமியருள் ஒருத்தியே. அவள் சொல்லை மற்றையோர் கேட்கின்றனர்; அவள் பிழை செய்தால் அனைவரும் நனைகின்றனர். தலைமை என்பது அதிகாரமன்று, பொறுப்பு என்பதை ஆயிரம் சொற்பொழிவுகள் புகட்டா. ஒரு மழையிரவு புகட்டிவிடும். 1913-ஆம் வருஷத்துக் கைந்நூலோ, சமையல், நோயாளியைப் பேணுதல் ஆகியவற்றோடு, திருடனைக் கயிற்றால் கட்டும் வகையையும் சொல்லிற்று. அமெரிக்கப் பெண்கள் நாடெங்கும் வாக்குரிமை பெற்றது 1920-இல்தான் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

பணமுடை நேர்ந்தபோது தம் முத்து மாலையை விற்றார். எவரேனும் பணிசெய்ய மறுத்தால், செவிட்டுத்தன்மையைச் சாக்கிட்டு, அம்மறுப்பு காதில் விழாததுபோல் அவரைப் பணியில் அமர்த்திவிடுவார். குறையையே கருவியாக்கிய சாமர்த்தியம் இது!

ஒரு குறையையும் மறைத்தலாகாது. அவர் காலத்தில் தென் மாகாணங்களில் கறுப்பினச் சிறுமியர்க்கு இவ்வியக்கத்தின் வாயில் அடைபட்டே கிடந்தது. பிறந்த ஊரின் திரைகளுள் ஒன்றைக் கிழித்தவர், மற்றொன்றை விட்டுச் சென்றார். அதைக் கிழிக்கும் வேலை பின்வந்தோர் தலையில் விழுந்தது.

1923-இல் அவரைப் புற்றுநோய் பற்றியது. அதை வெளியிடாமலே உழைத்தார். உலக நாடுகளின் சாரணப் பெண்களை அமெரிக்காவில் கூட்டவேண்டுமென்பது அவர் ஆவல். 1928-இல் கூட்டலாம் என்றனர் சகாக்கள். அதுவரை தாம் இரார் என்பதை அறிந்த அம்மையார் விடாது வற்புறுத்தி, 1926-இல் நியூயார்க் மாகாணத்துப் பாசறையில் அதைக் கூட்டுவித்தார். 1927-ஆம் வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி ஸவன்னாவில் உயிர் நீத்தார். சாரணச் சீருடையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். பதினெட்டுப் பேருடன் தொடங்கிய இயக்கத்தில் அப்போது ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர்.

அவரும் ஓர் உயில் எழுதியிருந்தார். அந்த வண்டிக் கொட்டகையை ஸவன்னாச் சாரணச் சிறுமியர்க்கே அதில் வைத்துச் சென்றார். ஓர் உயில் அவரைத் துரத்த முயன்றது. அவருடைய உயிலோ பிறர் பெற்ற சிறுமியர்க்கு இடம் தந்தது. மகளுக்கு நகையும் நிலமும் எழுதிவைக்கும் தந்தையர், பாசறையில் ஓர் இரவையும் அவளுக்கு அளிப்பாராக. நகையைப் பிறர் கவரலாம். நிலத்தை வழக்கு விழுங்கலாம். தன் கையால் தீ மூட்டி இருளைக் கழித்தவள் பெற்ற துணிவை எந்த உயிலும் பறிக்காது.