ஓவியர், கவிஞர், ‘மலைக்கள்ளன்’ கதாசிரியர்: நாமக்கல் கவிஞரை ஏஐ பேச வைத்தால் யாரைக் கேட்பது?

2024 ஜனவரி. சென்னையில் டி.ஆர்.பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழா. 2018-ல் மறைந்த கருணாநிதி பெரிய திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். முகம், கண்ணாடி, துண்டு, கரகரத்த குரல் எல்லாம் அப்படியே இருந்தது. பேசியது செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ.

அதற்குச் சரியாக 70 ஆண்டுகளுக்கு முன், 1954-ல் வெளியான ‘மலைக்கள்ளன்’ படத்துக்கு வசனம் எழுதியவர் இதே கருணாநிதிதான். அந்தக் கதையை எழுதியவர் காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் பிறந்தவர். நாமக்கல் கவிஞர் என்று நாடு அறிந்த வெ.ராமலிங்கம் பிள்ளை.

நாளைக்கு இவரையும் ஒருவர் ஏஐ வீடியோவில் பேச வைக்கலாம். அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? முதலில் அவர் யார் என்று பார்த்துவிடுவோம்.

யார் இந்த ராமலிங்கம் பிள்ளை?

1888 அக்டோபர் 19-ல் பிறந்தார். அப்பா வெங்கடராம பிள்ளை, போலீஸ்காரர். அம்மா அம்மணி அம்மாள். அப்போது மோகனூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது நாமக்கல் மாவட்டம்.

நாமக்கல், கோவை, திருச்சி என்று படிப்பு போனது. பிறகு நாமக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, அடுத்து தொடக்கப் பள்ளி வாத்தியார். ஆனால் கை நின்ற இடம் ஓவியம். கவிஞர் என்று பெயர் வாங்கும் முன்பே ஓவியராகப் பெயர் வாங்கியவர்.

1911 டிசம்பரில் டெல்லி தர்பார் நடந்தது. அதையொட்டி மன்னர் ஐந்தாம் ஜார்ஜை வரைந்து தங்கப் பதக்கம் பெற்றார். பின்னாளில் அதே பிரிட்டிஷ் ஆட்சி அவரைச் சிறையில் தள்ளியது.

அன்றைக்கு உருவப்பட ஓவியர்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், இருக்கிற சின்ன போட்டோவைக் கொடுத்துப் பெரிய வண்ணப்படமாக எழுதி வாங்குவார்கள். போனவர் கூடத்துச் சுவரில் திரும்ப வந்துவிடுவார். ஆனால் அது படம்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் இருக்கும், தூரிகைத் தடம் இருக்கும். படம் வாய் திறக்காது.

தூரிகையிலிருந்து பேனாவுக்கு

அரசியலில் முதலில் திலகர் வழி. பிறகு காந்தி வழிக்கு மாறினார். அந்த மாற்றம்தான் அவர் எழுத்தின் முதுகெலும்பு.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகப் படை கிளம்பியது. தொண்டர்கள் பாடிக்கொண்டே நடந்த பாட்டு இவருடையது. ஆயுதமே இல்லாத ஒரு போரைப் பற்றிய பாட்டு. 1932-ல் ஓராண்டு சிறைவாசம்.

விடுதலைக்குப் பிறகு, 1949-ல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் ஆனார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1971-ல் பத்ம பூஷண். 1972 ஆகஸ்ட் 24-ல் மறைந்தார். சென்னை தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்குப் பெயரே நாமக்கல் கவிஞர் மாளிகைதான்.

ஒரே ஆள், இரண்டு முகம்

அவர் எழுதிய நாவல் ‘மலைக்கள்ளன்’. ஊருக்குள் ஒரு முகம், மலையில் இன்னொரு முகம் என்று வாழும் நாயகனின் கதை. எம்.ஜி.ஆர். - பானுமதி நடிக்க, ஸ்ரீராமுலு நாயுடு இயக்கத்தில் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ படமாக்கியது. படத்துக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இந்தியில் திலீப்குமார் நடிக்க ‘ஆசாத்’ ஆனது.

கதையில் அது வேஷம் என்று கடைசியில் தெரிந்துவிடும். இப்போது செல்போனில் வரும் வேஷம் கலைவதே இல்லை. அங்கேதான் சிக்கல்.

இறந்தவர் எப்படிப் பேசுகிறார்?

பழைய போட்டோக்கள், குரல் பதிவுகளை மென்பொருளுக்குக் கொடுப்பார்கள். முகம் எப்படி அசையும், எந்தச் சொல்லை எப்படி இழுத்துப் பேசுவார் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு நாம் எதை டைப் செய்தாலும் அந்த முகம், அந்தக் குரலில் சொல்லும்.

2021-ல் மைஹெரிடேஜ் நிறுவனத்தின் ‘டீப் நாஸ்டால்ஜியா’ வந்தபோது பகத் சிங் போட்டோ கண் சிமிட்டியது. 2024-ல் ‘லால் சலாம்’ படப் பாட்டில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டு வந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார்.

எல்லோரும் அப்படிக் கேட்பார்களா?

எழுத்து நாட்டுடைமை, முகம் யார் உடைமை?

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை அவர் நூல்களின் காப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. நாமக்கல் கவிஞரின் நூல்களை அதற்கு முன்பே தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

ஆனால் நாட்டுடைமை ஆனது அவர் எழுதியது மட்டும்தான். அவர் எழுதாததை அவர் வாயில் வைக்க அது அனுமதி ஆகாது. அப்போ முகத்துக்கும் குரலுக்கும் யார் காவல்?

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஜெயலலிதா வாழ்க்கைப் படமான ‘தலைவி’ வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் இறந்ததும் முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் கூறியது. சுஷாந்த் சிங் ராஜ்புத் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023-ல் இதே திசையில் தீர்ப்பளித்தது. ஏஐ வீடியோக்களில் லேபிள் கட்டாயம் என்ற வரைவு விதிகளை மத்திய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்டது.

ஏன் கவலைப்பட வேண்டும்?

கவிஞர் பிறந்தநாள் வாழ்த்து சொல்வது போல ஒரு வீடியோ வந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதே முகம், ஆயுதம் எடு என்று ஒரு கூட்டத்தைத் தூண்டினால்? அகிம்சைப் போருக்கு நடைப்பாட்டு தந்தவர் வாயாலேயே வன்முறை வரும். திலகர் வழியிலிருந்து காந்தி வழிக்கு அவர் யோசித்து நடந்து வந்த தூரம் முப்பது நொடியில் அழிந்து போகும். மறுத்துப் பேச அவர் இல்லை. வழக்குப் போட குடும்பத்துக்கும் வழி குறுகல்.

பார்ப்பவர் என்ன செய்யலாம்?

மறைந்த தலைவர் இன்றைய விஷயத்தைப் பேசினால், அது தயாரிக்கப்பட்ட வீடியோதான். இதில் சந்தேகமே வேண்டாம். பழைய விஷயத்தைப் பேசினால், எந்த ஆண்டு, எந்தக் கூட்டம், எந்த நூல் என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

நாமக்கல் கவிஞர் விஷயத்தில் இது ரொம்ப சுலபம். நாட்டுடைமை ஆனதால் அவர் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வீடியோ வந்த அதே செல்போனில், அவர் நிஜமாக என்ன எழுதினார் என்று படித்துப் பார்த்துவிடலாம்.