அஞ்சாத எழுதுகோல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில் உள்ள ஊர் நெய்யாற்றின்கரை. அதற்குத் தெற்கே பாறசாலை. அதைக் கடந்தால் தமிழ்நாட்டு எல்லை. 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் பிரிக்கப்படும் முன், இவ்வெல்லை இங்கு இல்லை. திருவிதாங்கூர் நாடு தென்கிழக்கே ஆரல்வாய்மொழி வரை பரந்திருந்தது. அந்நாட்டின் நெய்யாற்றின்கரையில் 1878ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிறந்தவர் இராமகிருஷ்ண பிள்ளை.

மாணவராக இருந்தபோதே அவர் இதழ்ப்பணியில் ஈடுபட்டார். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905ஆம் ஆண்டு தொடங்கிய 'சுதேசாபிமானி' என்னும் மலையாள இதழுக்கு, 1906ஆம் ஆண்டு ஆசிரியரானார். மௌலவி இதழின் உரிமையாளர்; ஆயினும், எழுதும் உரிமையை முழுமையாக ஆசிரியரிடமே விட்டுவிட்டார்.

அக்காலத்தில் அரசைக் குறைகூறுவது எளிதன்று. எழுதியவர் தண்டனைக்கு ஆளாகலாம், அச்சகமும் பறிபோகலாம். இவற்றை அறிந்தும் இராமகிருஷ்ண பிள்ளை, ஆட்சியில் மலிந்திருந்த கையூட்டையும் முறைகேடுகளையும் இடைவிடாது வெளிப்படுத்தினார். திவான் இராஜகோபாலாச்சாரியின் செயல்களையும் கடுமையாகக் கண்டித்து எழுதினார். நெருக்கடி பெருகப் பெருக, அவருடைய எழுத்தும் கூர்மையடைந்தது.

1910ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், மூலம் திருநாள் மன்னரின் ஆணைப்படி இதழ் தடை செய்யப்பட்டது; அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. கைது செய்யப்பட்ட ஆசிரியரைக் காவலர்கள் ஆரல்வாய்மொழி வழியாக நாட்டின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டனர். அதன்பின் பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை.

இதழும் வருவாயும் போயின, உடல்நலமும் குன்றியது. எனினும், அவர் மனம் சோர்ந்து எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. அவருடைய மனைவியும் எழுத்தாளருமான கல்யாணி அம்மா, அந்த அலைச்சலிலும் வறுமையிலும் உடனிருந்தார். தாம் நாடுகடத்தப்பட்ட வரலாற்றை இராமகிருஷ்ண பிள்ளை நூலாக்கினார். கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை 1912ஆம் ஆண்டு மலையாளத்தில் வெளியிட்டார். இந்திய மொழிகளில் மார்க்சைப் பற்றி எழுந்த முதல் நூல்களுள் அதுவும் ஒன்று.

அதே ஆண்டில் 'விருத்தாந்த பத்திர பிரவர்த்தனம்' என்னும் நூலும் வெளிவந்தது. இதழ்த்தொழிலின் நெறிமுறைகளை விளக்கும் நூல் அது. நடத்துவதற்குத் தமக்கோர் இதழ் இல்லாத நிலையில், பிறர் நல்ல இதழ்கள் நடத்துவதற்கு அவர் வழி வகுத்துத் தந்தார். கேரளத்தின் பிற்கால இதழாளர்களுக்கு அது கைநூலாயிற்று.

1916ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் கண்ணூரில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 37. தடை செய்யப்பட்ட இதழின் பெயரே அவருக்கு அடைமொழியாகி, 'சுதேசாபிமானி' இராமகிருஷ்ண பிள்ளை என்று மக்கள் அவரை இன்றும் போற்றுகின்றனர்.