உழைப்பாளரை வெண்கலத்தில் வார்த்தவர்

சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை அறியாதார் இலர். அதனைப் படைத்தவர் யாரெனக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்பது அப்பெருங்கலைஞரின் பெயர்.

இன்றைய வங்காளதேசத்தின் ரங்கப்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில், 1899ஆம் ஆண்டு, ஜமீன் குடும்பத்தில் அவர் பிறந்தார். அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். பின்னர் அவருள்ளம் சிற்பத்தின்பால் திரும்பியது. புல்லாங்குழலிலும் மற்போரிலும் ஈடுபாடு மிக்கவர். மனித உடலின் தசைத் திரட்சியை அவர் அத்துணை நுட்பமாக அறிந்திருந்தமைக்கு மற்களமும் ஒரு காரணமாதல் வேண்டும்.

1929இல் சென்னைக் கலை கைத்தொழிற் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. கைவினைக்கே முதலிடம் தந்துவந்த பள்ளி, அவரது காலத்தில் ஓவிய, சிற்பக் கல்விக்கும் பெயர் பெற்றது. கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள்.

அந்நாளைய சென்னையின் திறந்தவெளிகளில் வெண்கலம் பெரும்பாலும் ஆள்வோர்க்கே உரியதாயிருந்தது. 1839இல் நிறுவப்பட்ட மன்றோவின் குதிரைச் சிலை அதற்குச் சான்று. ராய் சௌத்ரியும் பெரியோர் பலரின் உருவங்களைச் செய்தவர்தாம். ஆயினும் 1959ஆம் ஆண்டு, குடியரசு நாளுக்கு முந்திய நாளில் மெரினாவில் நிறுவப்பெற்ற அவரது படைப்பில் தலைவர் எவரும் இலர். பெயரற்ற நால்வர் வெற்றுடம்பினராய்ப் பெரும்பாறை ஒன்றை நெம்புகின்றனர். உழைப்பின் வெற்றி என்று அதற்குப் பெயர். எனினும் நாம் காண்பது வெற்றிக் களிப்பை அன்று. பாறை இன்னும் பெயரவில்லை, முதுகுகள் வளைந்திருக்கின்றன. அந்த நேர்மையே இச்சிலையின் உயிர் என்பது எம் கருத்து.

களிமண்ணில் உருச்செய்து, அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை வார்ப்பதே இத்தகைய சிலைகளின் வழி. அவ்வெப்பத்தை இராயபுரம், திருவொற்றியூர்ப் பட்டறைத் தொழிலாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கடற்கரையில் கொண்டாடியதும் இந்நகரில்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் தம் உடலையே அச்சிலையில் கண்டிருப்பர்.

1942இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த மாணவர் எழுவர்க்கு பாட்னாவில் எழுந்த நினைவுச் சின்னமும், மெரினாவின் காந்தியடிகள் சிலையும் அவர் கைவண்ணமே. லலித் கலா அகாதெமியின் முதல் தலைவராகவும் விளங்கிய அவருக்கு 1958இல் பத்மபூஷண் வழங்கப்பெற்றது. 1975இல் அவர் மறைந்தார். தண்டி யாத்திரையைக் காட்டும் 11 உருவங்களின் பெருந்தொகுதி, அவருக்குப் பின்னரே டெல்லியில் நிறுவப்பெற்றது.