ஸ்பானர் பிடித்த விமானி எமி ஜான்சன்

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிப்போன முதல் பெண் எமி ஜான்சன் என்று நாம் ஜி.கே. புத்தகத்தில் உருப்போட்டிருப்போம். போகிற வழியில் தரையிறங்கும்போது அந்த அம்மா எத்தனை தடவை விமானத்தை உடைத்தார், யார் ஒட்டிக் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்காது. நம்ம ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு அதுதான் சுவாரஸ்யம்.

1903இல் ஹல் நகரில் ஒரு மீன் வியாபாரி வீட்டில் பிறந்தவர். ஷெஃபீல்டில் பொருளாதாரம் படித்துவிட்டு லண்டனில் வக்கீல் ஆபீஸ் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பறக்கக் கற்றார். வாத்தியார் துணையில்லாமல் தனியே விட அவருக்கு ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது, மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் ஹேங்கரே கதி என்று கிடந்து 1929இல் கிரவுண்ட் இஞ்சினியர் லைசென்ஸ் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1930 மே 5ஆம் தேதி குராய்டனிலிருந்து கிளம்பினார். விமானம் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய ஜிப்ஸி மாத், பெயர் ஜேசன். துணி போர்த்திய இறக்கை. சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. வால் பக்கத்துச் சறுக்குக் கட்டை தரையில் உரசித்தான் நிற்கணும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 45 மைல் வேகத்தில் தரை தொடுகிற விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 10 மைல் இருந்தால் தரைமேல் ஓட்டம் 35; அதே காற்று முதுகுப்பக்கம் அடித்தால் 55. வேகத்தின் வர்க்கம் என்பதால் அடக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டரை மடங்கு! அதையும் பிரேக் இல்லாமல், முன்பின் பார்த்திராத மைதானத்தில்.

கராச்சி வரை ஆறே நாள். பெர்ட் ஹிங்க்லரின் 1928ஆம் வருஷ சாதனையைவிட இரண்டு நாள் முன்னால் இருந்தார். ஜான்சியில் பெட்ரோல் தீர்ந்துபோய் ராணுவ மைதானத்தில் இறங்கியதில் இறக்கை அடிபட்டது. ஒட்டுப்போட்டுக் கிளம்பி, கல்கத்தா தாண்டி ரங்கூன் போனால் கொட்டுகிற மழை. இறங்க வேண்டிய ரேஸ்கோர்ஸ் கண்ணில் படவில்லை. பக்கத்து இன்செயினில் ஒரு ஃபுட்பால் மைதானத்தில் இறங்கினார். இடம் போதவில்லை, ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை, சக்கரச் சட்டம், ப்ரொப்பெல்லர் எல்லாம் போச்சு.

அந்த மைதானம் ஒரு அரசு டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டினுடையது. பசங்களும் வாத்தியார்களும் சேர்ந்து ஜேசனைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தார்கள். இறக்கை ஒட்டுக்குச் சட்டைத் துணி. ப்ரொப்பெல்லருக்குக் கவலையில்லை, எமியே விமானத்தின் பக்கவாட்டில் ஒரு ஸ்பேர் கட்டிக்கொண்டு வந்திருந்தார்! எந்தக் கல்லூரிக்கு இப்படி ஒரு பிராக்டிகல் கிடைக்கும், சொல்லுங்கள்? மூன்று நாளில் ஜேசன் மறுபடி கிளம்பியது. ஆனால் சாதனை கைநழுவியது இங்கேதான்.

ஜாவாவில் இறங்கிய இடத்தில் மூங்கில் முளைக்குச்சிகள் இறக்கையைக் குத்தின. ஓட்டைகளுக்குக் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி! மே 24இல் டார்வின் சேர்ந்தார். 19½ நாள், ஹிங்க்லருக்கு 15½.

ஐந்து நாள் கழித்து பிரிஸ்பேனில், ஊரே வரவேற்கக் காத்திருக்க, மைதானத்தைத் தாண்டி ஓடி வேலியை உடைத்துக் கவிழ்ந்தார். காயமில்லை. 1933இல் கணவர் ஜிம் மொலிசனோடு அட்லாண்டிக்கைத் தாண்டியும் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் இறங்கும்போது விபத்து. பெட்ரோல் தீருகிற நிலை, இருட்டு, போதாததற்கு முதுகுக் காற்று. இருவருக்கும் காயம்.

தரையிறங்குவதில் அவர் கெட்டிக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். உடைந்ததைப் பார்த்ததும் எதை எப்படிச் சரிசெய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது; ஜேசன் டார்வின் சேர்ந்ததே அதனால்தான். 1935இல் பெண் பொறியாளர் சங்கம் அவரைத் தலைவராக்கியது சும்மா இல்லை.

1941 ஜனவரி 5ஆம் தேதி, போர்க்கால விமானம் ஒன்றை ஓட்டிச் சென்றபோது தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தார். காப்பாற்றக் குதித்த கப்பல் கேப்டன் வால்டர் ஃப்ளெட்சரும் இறந்துபோனார். எமியின் உடல் கிடைக்கவேயில்லை. ஜேசன் லண்டன் சயன்ஸ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.