ஒலிம்பிக் வீரர் டங்கன் வைற்

இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், அதன் பெயரை உலக விளையாட்டரங்கிலே ஒலிக்கச் செய்தவர் டங்கன் வைற். நம் கல்லூரி மைதானத்தில் ஓடியவர்களுள் அவர் பெயரைக் கேள்வியுறாதார் இலர். எனினும், ஒரு வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதற்கு அப்பால் அவர் வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலரே. இந்த யூபிலி மலரிலே அவரைப்பற்றி எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணமாகும்.

அவர் 1918 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1 ஆம் நாள், களுத்துறைப் பகுதியிலுள்ள லத்பந்துர என்னும் சிற்றூரிலே பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியிலே பயின்றார். 1938 இல் ஆவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவுக்கு இலங்கைக் குழுவிலே சென்றார். குத்துச்சண்டையில் பார்னி ஹென்றிக்கஸ் அவ்விழாவிலே நம் நாட்டுக்குத் தங்கம் ஈட்டினார். வைற் வெறுங்கையுடன் மீண்டார். விழாவின்போது அவருக்கு வயது பத்தொன்பது.

ஓட்ட வீரன் ஒருவனுக்கு இருபதாம் வயதுக்கும் முப்பதாம் வயதுக்கும் இடைப்பட்ட காலமே பொற்காலம். அந்தப் பத்தாண்டையும் போர் விழுங்கிவிட்டது. முதலிலே தோக்கியோவுக்கும் பின்னர் ஹெல்சிங்கிக்கும் குறிக்கப்பட்ட 1940 ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடைபெறவில்லை. இலண்டனுக்குக் குறிக்கப்பட்ட 1944 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கும் நடைபெறவில்லை. வைற் பெற்ற பதக்கத்தை மட்டும் போற்றுவோர் இந்தப் பத்தாண்டை நினைப்பதில்லை. எந்நாளில் போட்டி வரும், வருமோ வராதோ என்பது எவருக்கும் தெரியாத காலத்திலே உடலைத் தளரவிடாது காத்தல் எளிய செயலன்று. பதக்கத்தினும் அதுவே பெரிது என்பது நம் கருத்து.

அவர் தேர்ந்த நிகழ்ச்சியோ மிகக் கடுமையானது. 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்திலே பத்துத் தடைகள் உண்டு. ஒவ்வொன்றும் மூன்றடி உயரம். தொடக்கக் கோட்டிலிருந்து முதலாந் தடைக்கு 45 மீற்றர். பின்னர் ஒவ்வோர் இடைவெளியும் 35 மீற்றர். கடைசித் தடையைத் தாண்டிய பின்னும் 40 மீற்றர் ஓடவேண்டும். வேகம் மட்டும் உடையவன் ஏழாந் தடையிலே மூச்சிழப்பான். வலிமை மட்டும் உடையவன் பிந்திவிடுவான். இடைவெளிதோறும் எத்தனை அடி எடுத்துவைப்பது என்பதைக் கால்கள் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். ஓர் அடி தவறினும் தடைக்கு முன்னே தயங்க நேரும். அத்தயக்கத்தை மீட்டல் அரிது. கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள செட்டிபாளையத்தின் மணலிலே ஓடிப் பழகிய நம் மாணவர்க்குக் கால்வலிமைக்குக் குறைவில்லை. அடியைக் கணக்கிடும் இந்தப் பயிற்சியையே அவர்கள் வைற்றிடம் கற்கவேண்டும்.

1948 இல் இலண்டனில் ஒலிம்பிக் கூடியது. இலங்கை பங்குபற்றிய முதல் ஒலிம்பிக் அதுவே. போரின் வடு ஆறாத நகரம். உணவுக்குப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை. வீரர்கள் படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்கினர். வெம்பிளி அரங்கிலே யூலை 31 ஆம் நாள் இறுதி ஓட்டம் நிகழ்ந்தது. நின்றவர் அறுவர். அமெரிக்காவின் றோய் கொக்ரனும் சுவீடனின் றூன் லார்சனும் அரையிறுதியிலேயே 51.9 செக்கன் என்ற ஒலிம்பிக் சாதனையை எட்டியிருந்தனர். ஆறாவதாக வந்த இத்தாலியர் ஒற்றாவியோ மிசோனி, பிற்காலத்தில் ஆடை வடிவமைப்பிலே உலகப் புகழ் பெற்றவர் என்பது ஒரு சுவையான செய்தி.

கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவதாக வந்தார். வைற் 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்தார், லார்சனுக்கு 52.2. முதல்நாள்வரை சாதனையாயிருந்த நேரத்தை வைற்றும் முறியடித்தார். ஆயினும் முந்தியவர் அதனினும் விரைந்தமையால் அவர்க்குக் கிடைத்தது வெள்ளி. கொக்ரனும் போரினாலே தம் இளமையின் சிறந்த ஆண்டுகளை இழந்தவரே. ஆகவே அன்று முதலிரண்டு இடங்களையும் பெற்றவர்கள் நெடுநாள் காத்திருந்த இருவர் எனலாம். சுதந்திரக் கொடி ஏற்றி ஆறு மாதமும் நிறையாத நாட்டுக்கு அந்த வெள்ளி தங்கத்தினும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

ஆசியாவின் சிறந்த வீரருக்குரிய ஹெல்ம்ஸ் விருது அவ்வாண்டுக்கு அவருக்கே வழங்கப்பட்டது. பின்னர் எம்.பி.ஈ. பட்டமும் பெற்றார். 1950 பெப்ரவரியில் நியூசிலாந்தின் ஓக்லந்து நகரில் நிகழ்ந்த பேரரசு விளையாட்டு விழாவிலே 440 யார் தடைதாண்டி ஓட்டத்தை 52.5 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். சிட்னியிலே வெறுங்கையுடன் மீண்ட இளைஞர், பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதே விழாவிலே முதலிடம் பெற்றமை இலண்டன் வெற்றிக்குக் குறைந்ததன்று. ஆனால் நம் நாட்டார் அதனைப் பெரிதும் பேசுவதில்லை.

அவர் இங்கிலாந்தின் லஃபரோ கல்லூரியிலே உடற்கல்வி பயின்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். பின்னாளில் நைஜீரியாவுக்குச் சென்று அங்கும் கற்பித்தார். முதுமையிலே இங்கிலாந்தில் வாழ்ந்தார். தாம் கற்ற வித்தையைப் பிறர்க்கு ஊட்டும் ஆற்றல் படைத்த ஒருவரின் உழைப்பிலே பெரும்பகுதி பிற நாட்டு மாணவர்க்குச் சென்றது. அவரைக் குறைகூற நாம் விரும்பவில்லை. அவரைப் போன்ற ஒருவரைத் தம்மிடையே வைத்துப் பயன்கொள்ளும் வழியை நாட்டார் தேடினார்களா என்னும் வினா மட்டும் நம் மனத்தைவிட்டு அகலவில்லை. நல்ல விளையாட்டாசிரியர் ஒருவர் ஒரு பாடசாலைக்கு எத்துணைப் பெரிய செல்வம் என்பதைப் பழைய மாணவர்கள் நன்கறிவர்.

1998 யூலை 3 ஆம் நாள் இங்கிலாந்திலே அவர் காலமானார். அதுவரை, ஐம்பதாண்டுகளாக, இலங்கைக்கு வேறோர் ஒலிம்பிக் பதக்கம் கிட்டவில்லை. இரண்டாண்டு கழித்து, அவர் முதன்முதலிலே வெறுங்கையுடன் மீண்ட அதே சிட்னி நகரிலே, சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்திலே பதக்கம் வென்றார். அன்று கிடைத்தது வெண்கலம். முதலாவதாக வந்தவர் பின்னர் தகுதியிழந்தமையால் அதுவும் வெள்ளியாயிற்று.