சந்தைக்குச் செல்வோரை வரைந்த ஓவியர்

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளம்பெண் ஒருவர் அவற்றின்முன் அமர்ந்து, கோடுகளையும் வண்ணங்களையும் படியெடுத்துப் பயின்றார். அவரே ஓவியர் அம்ரிதா ஷேர்கில்.

அம்ரிதா 1913 சனவரி 30 அன்று அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், வடமொழி கற்ற பஞ்சாபியச் செல்வர். தாய் அங்கேரி நாட்டுப் பாடகி. குடும்பம் 1921இல் சிம்லாவில் குடியேறியது. அம்ரிதா தம் பதினாறாம் வயதில் பாரிஸ் சென்று ஓவியக்கலை கற்றார். அவரது ‘இளம்பெண்கள்’ என்னும் ஓவியம் 1933இல் அங்குத் தங்கப் பதக்கம் பெற்றது. எனினும், தமக்குரிய களம் இந்தியாவே எனத் தெளிந்து 1934இன் இறுதியில் நாடு திரும்பினார்.

அக்கால ஓவியர் பலர் அரசரையும் தொன்மக் கதைமாந்தரையும் வரைந்தனர். அம்ரிதாவோ உழைக்கும் எளிய மக்களை நாடினார். அசந்தா, எல்லோரா குகைகளைக் கண்டபின் தென்னாட்டில் பயணம் செய்தார். சிம்லா திரும்பியதும், ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ என்னும் ஓவியத்தை 1937இல் வரைந்தார்.

அவ்வோவியத்தில் சந்தையின் இரைச்சல் இல்லை. முகங்களில் சிரிப்பும் இல்லை. கருமை படர்ந்த மேனிகளும் வெண்ணிற ஆடைகளும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. அம்மக்களின் அமைதி துயரமா, களைப்பா, பொறுமையா? ஓவியர் விடை கூறவில்லை. ஆனால், அவர்கள் எவரிடமும் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை என்பது தெளிவு. அன்றாட உழைப்பின் சுமையையும் அதனைத் தாங்குவோரின் மாண்பையும் வண்ணமே உணர்த்துகிறது. செல்வக் குடியில் பிறந்தவர் வறியோரின் வாழ்வை முழுமையாக அறிந்திருப்பாரா என்னும் வினாவும் எழக்கூடும். அவ்வினாவோடு நோக்குவதும் ஓவியத்தைப் படிக்கும் முறையே.

வாழ்ந்த காலத்தில் அவருடைய ஓவியங்கள் மிகுதியாக விலைபோகவில்லை. 1941 திசம்பர் 5 அன்று, 28ஆம் வயதில், இலாகூரில் அவர் மறைந்தார். இன்று அவர்தம் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வங்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றுள் பலவற்றைப் புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் காணலாம்.

செயல்பாடு: மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தொழிலாளர் ஒருவரை உற்றுநோக்குக. அவரது நடையும் தோளும் முகமும் உணர்த்தும் மனநிலையை ஐந்து தொடர்களில் எழுதுக.