கணிதமேதை மகாவீராச்சாரியர்

பகவான் வர்த்தமான மகாவீரரின் திருநாமத்தைத் தாங்கிய ஆசாரியர் ஒருவர் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கணிதத்திற்குப் பெருந்தொண்டு ஆற்றினார். அவரே மகாவீராச்சாரியர். தம் பெற்றோரையும் பிறந்த ஊரையும் பற்றித் தம் நூலில் அவர் ஒன்றும் கூறவில்லை. ஜினபகவானை வணங்கி, இராஷ்டிரகூடப் பேரரசர் அமோகவர்ஷ நிருபதுங்கரை வாழ்த்தி நூலைத் தொடங்குகிறார். அப்பேரரசரின் தலைநகர் மானியகேடம். இன்று அது கர்நாடகத்தில் மால்கேட் எனப்படுகிறது. ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாச்சாரியரைக் குருவாகக் கொண்ட அவ்வரசரின் ஆட்சியில் அறமும் கலையும் ஒருங்கே தழைத்தன.

கி.பி. 850ஐ ஒட்டி வடமொழியில் ஆசாரியர் இயற்றிய நூல் ‘கணித சார சங்கிரகம்’. ஒன்பது அதிகாரங்களும் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட சுலோகங்களும் கொண்டது. ஒன்று முதலாக 24 எண்ணிடங்களுக்கு அதில் பெயர்கள் தரப்பட்டுள்ளன.

பெருக்கற் கணக்குகளில், இருபுறமும் ஒன்றுபோல் அமையும் பேரெண்கள் சிலவற்றை அவர் கழுத்தணிக்கு ஒப்பிட்டார். 27994681 என்பதை 441ஆல் பெருக்கினால் 12345654321 கிடைக்கிறது. ஒன்றில் தொடங்கி ஆறுவரை ஏறி, மீண்டும் ஒன்றுக்கு இறங்கும் எண் இது!

இவ்வமைப்பின் காரணத்தை நாமே காணலாம். 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐயும் 5291ஐயும் பெருக்கினால் 111111. ஆகவே அப்பேரெண் 111111இன் வர்க்கமாகும். 111111ஐ அதே எண்ணால் பெருக்கும்போது, ஆறு வரிசைகள் ஒவ்வோர் இடமாக நகர்ந்து அமைகின்றன. நடுவிடத்தில் ஆறு ஒன்றுகளும், அதன் இருபுறமும் முறையே குறைந்த ஒன்றுகளும் சேர்கின்றன. எவ்விடத்திலும் கூட்டுத்தொகை ஒன்பதை மிஞ்சாமையால் மீதி ஏறுவதில்லை, அழகு குலைவதில்லை. ஒன்பது ஒன்றுகள் வரை இது பொருந்தும். பத்தாவதைச் சேர்த்தால் மாறிவிடும்.

எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் தெளிவுபடக் கூறினார். பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளை எண்ணப் பொதுவிதியும் வகுத்தார். ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அது மாறாது என்ற அவருடைய கருத்தை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. இதனால் அவர் பெருமை குன்றிவிடாது.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். 1912இல் பேராசிரியர் ம. ரங்காச்சாரியார் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னை அரசு வெளியிட்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சுவடிகளைப் படியெடுத்துக் காத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் கை ஓய்ந்திருந்தால் இந்நூல் நம்மை வந்தடைந்திராது. சாஸ்திர தானத்தின் பயன் இதுவன்றோ!

நம் பிள்ளைகள் பள்ளியில் அயல்நாட்டுக் கணித அறிஞர்களின் பெயர்களைக் கற்கின்றனர், அது நன்றே. நம் ஆசாரியரின் பெயரையும் அவர்கள் அறிய வேண்டாமா? இன்று மாலை அவர்களை அருகில் அமர்த்தி, 111111ஐ அதே எண்ணால் பெருக்கச் சொல்லுங்கள். விடை வந்ததும் மகாவீராச்சாரியரின் பெயரைச் சொல்லுங்கள்.